எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வெங்காயம்

கையில் சரக்கு இல்லாதவனுக்கு உலகம் அமைதியாக இருக்கும். சந்தேகமிருந்தால் நாலு வண்டி சின்ன வெங்காயத்தை வாங்கி வைத்துப் பாருங்கள். வானத்தில் போகிற மேகம், கொழும்பில் கூடுகிற மந்திரிசபை, தூத்துக்குடியில் புறப்படாமல் நிற்கிற தோணி எல்லாம் அன்று மாலையே உங்கள் சொந்த விவகாரமாகிவிடும். எனக்கு ஆயிற்று. அப்போது இருபத்தைந்து வயது, தலை நிறைய முடி. இப்போது முடி இல்லை. அதில் வெங்காயத்துக்குப் பாதிப் பங்காவது உண்டு என்பது என் துணிபு.

என் மாமனாருக்குத் திண்டுக்கல்லில் தவிடு, புண்ணாக்குக் கடை. ஒரே மகள் கனகம். கல்யாணத்தின்போதே மகளோடு கடையையும் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்திருந்தார். நான் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கடையை விட்டுவிட்டு வந்தேன். காரணம் தவிடுதான். அந்தக் கடையில் செத்த நேரம் நின்றால் போதும், புருவம், மீசை, காதுமடல் எல்லாம் தவிடு படிந்துவிடும். தெருவில் போகிற எருமைகள் என்னைப் பாசத்தோடு பார்க்கும். (மிகைப்படுத்தவில்லை. ஒன்று தோளை நக்கியே விட்டது.)

எனக்கு மண்டி வியாபாரி ஆக வேண்டும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இரண்டு பேர் அந்தத் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு ரூபாய், முழுக்கை பிடித்தால் ஐந்து. வாய் திறக்க மாட்டார்கள், முகத்தில் ஒரு ரோமம் அசையாது. இமயமலையில் தவம் செய்கிறவர்கள் இவர்களிடம் வந்து பாடம் கேட்கலாம் என்று தோன்றும். அப்படிப்பட்ட முகம் ஒன்று எனக்கும் இருப்பதாக நான் நம்பியிருந்தேன்.

மாமாவிடம் சொன்னேன்.

"வெங்காயத்துக்குப் பொறுமை வேணும் மாப்ள" என்றார்.

"இருக்கு மாமா."

"எங்க வச்சிருக்கீக?"

நான் முறைத்தேன். அவர் புண்ணாக்குக் கட்டியை உடைத்துக்கொண்டே சொன்னார். "சரி, இந்த ஒரு வெள்ளாமைக்கு உங்க இஷ்டம். செயிச்சீகன்னா, கடைப் பக்கம் வாங்கன்னு இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கையச் சுட்டுக்கிட்டீகன்னா, பேச்சுக் கிடையாது, கல்லாவுல வந்து ஒக்காந்துரணும். ஆயுசுக்கும்."

ஒத்துக்கொண்டேன். ஆயுள் தண்டனைக்கு இவ்வளவு உற்சாகமாகத் தலையாட்டியவன் என் அறிவுக்கு எட்டிய வரை நான் ஒருவன்தான்.

வீட்டுப் பாகம் பிரித்தபோது என் பங்குக்கு வந்த பணம் அத்தனையையும் கொண்டுபோய், தை மாதம் ஆத்தூர், சேவுகம்பட்டிப் பக்கம் வெங்காயம் வெட்டுகிற காடுகளாகப் பார்த்துக் கொட்டினேன். அறுவடை நேரத்தில் விலை மட்டமாக இருக்கும். வாங்கிப் பட்டறை போட்டு வைத்து, பங்குனி, சித்திரையில் கொழும்புக்குச் சரக்குப் போகிறபோது விற்றால் லாபம். இவ்வளவுதான் வித்தை. நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது.

தாடிக்கொம்பு சாலையில், நகராட்சி எல்லைக்கல்லைத் தாண்டி கல்லெறி தூரத்தில் ஒரு தோட்டத்தை வாடகைக்குப் பிடித்தேன். கல் அடுக்கி, மேலே மரச்சட்டம் போட்டு, சோளத்தட்டை பரப்பி, தாளோடு முடிச்சுப் போட்ட வெங்காயத்தை ஆள் உயரத்துக்கு அடுக்கி, நாலு பக்கமும் தட்டையால் அடைத்து, தென்னங்கிடுகால் மூடினால் அதுதான் பட்டறை. ஒரு தடவை அடைத்தால் விற்கிற அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும். கை பட்டால் தோல் உரியும், பனிக்காற்று நுழைந்தால் உள்ளே முளைவிடும். திண்டுக்கல்லில் இது பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்தே மறுநாள் காலையில் பிரித்தேன்.

லேசாகத்தான். இரண்டு தட்டையை விலக்கி, ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன். வெங்காயம் இருந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எல்லைக்கல் வரைக்கும் வந்தது. கல்லைத் தாண்டியதும், 'நாம் பார்த்தது மேல் வெங்காயம்தானே, அடி வெங்காயம் எப்படி இருக்கிறதோ' என்று ஆரம்பித்துவிட்டது.

காவலுக்கு வெள்ளைச்சாமி என்று ஒருவரை வைத்திருந்தேன். நான் தெற்கு மூலையில் கையை விட்டுத் துழாவுவதை அவர் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன முதலாளி, எதுவும் தொலஞ்சு போச்சா?"

"சும்மா பார்த்தேன்."

"நேத்தும் பாத்தீக."

"நேத்து வேற பக்கம்."

"அது நேத்து இருந்த அதே வெங்காயந்தேன் முதலாளி. அதுக்குக் காலு கெடையாது."

மண்டியில் விலை ஏறியது என்றால் சந்தோஷத்தில் போய்ப் பிரிப்பேன். இறங்கியது என்றால் துக்கத்தில் போய்ப் பிரிப்பேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் இந்த மர்மம் தாங்காமல் போய்ப் பிரிப்பேன். ஒவ்வொரு தடவையும் 'மாதிரிக்கு' என்று ஒரு கை அள்ளி வருவேன். வீட்டில் தினமும் வெங்காயக் குழம்பு, வெங்காய வெஞ்சனம். என் முதலீட்டை நானே சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கனகத்திடம் எதையும் மறைக்க முடியாது.

"இன்னிக்கும் பிரிச்சீகளா?"

"இல்லையே."

"கையக் காட்டுங்க."

காட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே அடுப்படிக்கு வாடை போய்விடும்.

மாசி பிறக்கும்போது தெற்கு மூலைத் தட்டை இடுக்கில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. வெங்காயத் தாள். மற்ற மூன்று பக்கமும் அடக்கமாக இருக்க, நான் கை விட்ட பக்கம் மட்டும் மீசை முளைத்து நின்றது. அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். தவிட்டுக் கடைக் கல்லா கண் முன்னால் வந்து நின்றது. இனி பட்டறைப் பக்கமே போவதில்லை என்று காலையில் சத்தியம் செய்தேன். மத்தியானம் சத்தியம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பட்டறைக்குப் போனேன்.

அப்போதுதான் மாரியம்மன் கோயிலில் மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதாகத் தமுக்கடித்துப் போனார்கள். என் மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது. (என் வாழ்க்கையில் இப்படி வெளிச்சம் அடித்தபோதெல்லாம் ஏதாவது தீப்பிடித்திருக்கிறது.) கையில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. என் பட்டறை எல்லைக்கு வெளியே இருக்கிறது. காப்பு என்னைத் தடுக்கும், அம்மன் வெங்காயத்தைப் பார்த்துக்கொள்வாள். என் மனசுக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஒரு மஞ்சள் கயிற்றில் வாங்கிவிடலாம். குளித்து, வரிசையில் நின்று, கையை நீட்டினேன்.

பூசாரி கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "பூக்குழியா, தீச்சட்டியா?"

"சும்மா காப்பு மட்டும் போதும்."

"சும்மா கட்டுற காப்புன்னு ஒண்ணு கெடையாது அப்பு. பின்னால ஆளு நிக்குது. சீக்கிரம் சொல்லு."

தீச்சட்டி என்றால் நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடக்க வேண்டும். பூக்குழி என்றால் தணல் மேல் நாலு எட்டில் முடிந்துவிடும். அந்த நேரத்துக் கணக்கு அப்படித்தான் ஓடியது. "பூக்குழி" என்றேன். முடிச்சு விழுந்தது.

மஞ்சள் வேட்டியோடு வீட்டுக்குப் போனால், மாமா வந்திருந்தார். கையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கனகத்துக்கு அப்போது ஆறாவது மாதம். மருமகன் தன் மகளுடைய சுகப்பிரசவத்துக்காகப் பூக்குழிக்கு நேர்ந்துகொண்டான் என்று அவராகவே முடிவுகட்டி, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அவர் போனதும் கனகம் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. எனக்காகவா, வெங்காயத்துக்காகவா?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"ஒரு பட்டறைய மூடி வைக்க முடியாம பூக்குழி எறங்குற மொத ஆளு நீங்கதேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து, போகவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் எனக்குப் புத்தி பேதலித்தது. காலையில் எழுந்ததும் எல்லைக்கல்லுக்குப் போய் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் பட்டறையின் கிடுகுக் கூரை தெரியும். வெள்ளைச்சாமி அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டுவார். 'எல்லாம் சௌக்கியம்' என்று அர்த்தமா, 'எல்லாம் போச்சு' என்று அர்த்தமா என்று நாள் முழுக்க யோசிப்பேன்.

பார்க்க முடியாதவன் கேட்கத்தானே செய்வான். மண்டிக்குப் பக்கத்துக் காபி கிளப்பில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குள் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "கொழும்புக்குச் சரக்குப் போகுதா? இல்ல, நிறுத்திட்டாங்களா?" லாரிக்காரரிடம் கேட்டேன், மாட்டுவண்டிக்காரரிடம் கேட்டேன். தபால்காரரிடம் கேட்டேன். முடிவெட்டுகிறவரிடம் பாதிச் சவரத்தில் கேட்டேன். எல்லோரும் தெரியாது என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் முடிவெட்டுகிறவர் என்னைத் தேடி வந்தார்.

"கேள்விப்பட்டீகளா? கொழும்புக்குப் போறத நிறுத்திட்டாங்களாமே."

காபித் தம்ளரை பெஞ்சில் வைத்தேன். "யார் சொன்னது?"

"எல்லாரும் அதேதேன் பேசிக்கிறாக."

சாயங்காலத்துக்குள் சேதிக்குக் கை கால் முளைத்துவிட்டது. போன தோணிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். திருப்பி வந்த சரக்கை இறக்க இடமில்லாமல் கடலில் கொட்டிவிட்டார்களாம். தூத்துக்குடிக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வெங்காயம் மிதக்கிறதாம். மாட்டுவண்டிக்காரர் அதைக் கண்ணால் பார்த்தவர் போலவே சொன்னார். வெங்காயத்தை உரிக்காமலே எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

இனி ஒரு நிமிஷம் தாமதித்தாலும் என் வெங்காயத்தை எருமைகூட வாங்காது என்று தோன்றியது. தரகர் சுப்பையாவுக்கு ஆளனுப்பினேன், உடனே வந்து சரக்கை முடித்துக்கொடு என்று. போன ஆள் திரும்பி வந்தார். "அவரால வர முடியாதாம். அவக ஊரு காளியம்மனுக்கு அவரும் காப்புக் கட்டியிருக்காராம். ஊர் எல்ல தாண்டக்கூடாதாம்."

சுப்பையாவின் ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது. என் ஊர் இந்தப் பக்கம் முடிகிறது. ஆக, மறுநாள் காலை எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் வேட்டியில் நான், அந்தப் பக்கம் மஞ்சள் வேட்டியில் சுப்பையா. நடுவில் இடுப்பளவு கல். விலை பேச வேண்டுமென்றால் துண்டுக்குள் கை சேர வேண்டும். கை சேர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கை எல்லை தாண்ட வேண்டும். சாலையில் போன வண்டிகள் நின்றன. கூட்டம் கூடிவிட்டது.

"காலு தாண்டுனாத்தேன் குத்தம். கை தாண்டுனா குத்தமில்ல" என்றார் ஒருவர்.

"அப்ப தலைய நீட்டலாமா?"

"தலைய எதுக்குய்யா நீட்டணும்?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"காப்பு எந்தக் கையில இருக்கோ அந்தக் கை தாண்டக்கூடாது" என்றார் மூன்றாமவர். எங்கள் இருவருக்கும் காப்பு வலது கையில்தான் இருந்தது. இடது கையால் வியாபாரம் பேசினால் உருப்படாது என்று இன்னொரு கட்சி கிளம்பியது. கடைசியில் வெள்ளைச்சாமிதான் பீடியை எறிந்துவிட்டு, "கல்லு ரெண்டு ஊருக்கும் பொது. கல்லு மேல கைய வச்சுக்கங்க" என்றார். கல்லின் உச்சியில் துண்டை விரித்தார்கள். இரண்டு பேரும் கையை விட்டோம். நூறு கண்கள் அந்தத் துண்டையே பார்த்தன.

நான் மனசுக்குள் ஒரு விலை வைத்திருந்தேன். முழுக்கையையும் பிடித்து, மேலே இரண்டு விரலைப் பிடித்தேன். சுப்பையா ஒன்றும் செய்யவில்லை. முகம் கல்லாக இருந்தது. கையும் கல்லாக இருந்தது. எங்களுக்கு நடுவில் இருந்த கல்லுக்குக்கூடக் கொஞ்சம் உயிர் இருந்திருக்கும். அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கடலில் மிதக்கிற வெங்காயம்தான். ஒரு விரலைக் குறைத்தேன். அவர் அசையவில்லை. இன்னொன்றைக் குறைத்தேன். உள்ளங்கை வேர்த்து வழிந்தது. முழுக்கையை விட்டு நாலு விரலுக்கு வந்தேன். அவர் லேசாகச் செருமினார். (தொண்டையில் பாக்குத் தூள். பிறகு சொன்னார்.) அந்தச் செருமலுக்குப் பயந்து மூன்று விரலுக்கு இறங்கினேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் மனசு மாறுவதற்குள் கையைக் குலுக்கிவிட்டார்.

எதிராளி ஒரு விரலைக்கூட அசைக்காதபோது, தன்னோடு தானே பேரம் பேசி, தானே தோற்ற வியாபாரியை அந்தச் சாலை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆனாலும் பெரிய பாரம் இறங்கியது. நேரே காபி கிளப்புக்குப் போய், பல நாளைக்குப் பிறகு ருசியோடு ஒரு காபி குடித்தேன். "நல்ல வேளை, கொழும்பு அடைபட்ட சேதி முத்துகிறதுக்குள்ள தள்ளிவிட்டேன்" என்றேன்.

காபி கிளப்காரர் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "அது உண்மையில்லையாமே" என்றார்.

"ஊரே சொல்லுச்சு."

"ஊருக்குச் சொன்னது முடிவெட்டுறவரு. அவருக்குச் சொன்னது வண்டிக்காரரு. வண்டிக்காரருகிட்ட, நிறுத்திட்டாங்களான்னு கேட்டது நீங்க. இந்த பெஞ்சுலதேன் ஒக்காந்திருந்தீக."

அப்போதுதான் புரிந்தது. நான் ஊர்ப் பக்கம் வீசிய கேள்வி ஊரைச் சுற்றி வந்து, மீசை வைத்துக்கொண்டு, பதிலாக என்னிடமே வந்திருக்கிறது. நானும் புது ஆள் என்று நம்பி வணக்கம் போட்டிருக்கிறேன்.

அந்த வாரமே விலை ஏறியது. தூத்துக்குடியிலிருந்து லாரிகள் வரிசையாக வந்தன. நான் எல்லைக்கல்லில் நின்றபடி, என் பட்டறையை வேறு ஆட்கள் பிரிப்பதை வேடிக்கை பார்த்தேன். நான் வாரக்கணக்கில் கள்ளத்தனமாகப் பிரித்ததை அவர்கள் தைரியமாக, பட்டப்பகலில், பாட்டுப் பாடிக்கொண்டு பிரித்தார்கள். வாங்கியவர் பக்கத்துப் பட்டறை ராவுத்தர். சுப்பையா மூலமாகத் துண்டுக்குள் முடிந்ததால், அதுவரை எனக்குத் தெரியாது. லாரியை அனுப்பிவிட்டு, என்னைக் கண்டதும் கல் வரைக்கும் வந்தார்.

"நல்ல சரக்கு தம்பி. தெக்கு மூலை தவிர."

"விலை ஏறும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

"அல்லா சத்தியமா எனக்குத் தெரியாது."

"பிறகு எந்த நம்பிக்கையில வாங்குனீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். நல்ல மனுஷர், மனசு நோகப் பேச மாட்டார். "நீங்க விக்கிறீங்கன்னு சுப்பையா சொன்னாரு" என்றார்.

வியாபாரம் போயிற்று, பணத்தில் பாதி போயிற்று. காப்பு மட்டும் போகவில்லை. பூக்குழி நாள் வந்தது. எதற்காக நேர்ந்துகொண்டேனோ அந்த வெங்காயமே கொழும்பில் குழம்பாகிவிட்டது. அதற்குப் பிறகு நெருப்பில் இறங்க வேண்டிய என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு தடியர், பின்னால் ஒரு தடியர். ஓட வழியில்லை. என் முறை வருகிற வரை அசையாமல் காத்திருந்தேன். அந்த மாசி மாதத்தில் நான் கடைப்பிடித்த பொறுமை அது ஒன்றுதான். நடந்தேன் என்று எழுத ஆசை. எனக்கு முன்னால் இறங்கியவரை நான் நடுக்குழியில் முந்திவிட்டதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கரையில் பால் ஊற்றி வைத்த பள்ளத்துக்குப் பக்கத்தில் மாமா நின்றார். ஊர் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தார். "என் மகளுக்காக நெருப்புல எறங்குன புள்ள. நட்டம் போனாப் போகுது. இனி நம்ம கடையில நம்ம எருமைகளப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க மாப்ள" என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்தி என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தில் கனகம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கல்லாவில் உட்கார்ந்தேன். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். தவிட்டு வியாபாரத்தில் பொறுமைக்கு வேலையே இல்லை, எருமை தினமும் தின்கிறது. ஆனால் மண்டிக்காரர்கள் என்னை விடவில்லை. தை பிறந்துவிட்டால், தவிடு வாங்காதவர்கள்கூடக் கடைக்கு வந்து பணிவாக நிற்பார்கள். "இந்த வருஷம் எப்படி, ஏறுமா, எறங்குமா? உங்க மனசுல பட்டதச் சொல்லுங்க." நான் சொல்வேன். நன்றி சொல்லிவிட்டுப் போய், அதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். சில பேர் வீடே கட்டிவிட்டார்கள். ஒருத்தர் கிரகப்பிரவேசத்துக்கு எனக்குத்தான் முதல் பத்திரிகை வைத்தார்.

போன வாரம் கனகம் கேட்டாள். "ஏங்க, வெங்காயம் இனி ஏறுமா, எறங்குமா?"

அனுபவசாலியிடம் கேட்கிறாளே என்று எனக்கு மனம் குளிர்ந்தது. நிதானமாக, நாலையும் யோசித்து, "எறங்கும். இப்ப வாங்காதே, பொறு" என்றேன்.

அவள் உள்பக்கம் திரும்பி மூத்தவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, மூட்டையா வாங்கணும், வண்டியப் பூட்டச் சொல்லு."